கண்ணை மூடிக்கொண்டு பயிற்சி: நிறையப் பேர் சறுக்குகிற இடங்கள்

கல்லூரியில் நீளம் தாண்டிய காலத்தில், போட்டிக்கு முந்தின ராத்திரி நானும் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கற்பனைப் பயிற்சி, அதாவது போட்டியை மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது, செய்திருக்கிறேன். என்ன பார்த்தேன்? மேடை, கழுத்தில் மெடல், கைதட்டல், மறுநாள் பேப்பரில் படம். ஓடி வருவதையும் தாண்டக் கால் ஊன்றும் பலகையில் கால் வைப்பதையும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மறுநாள் மூன்று முயற்சியும் ஃபவுல்.

அதிகம் நடக்கிற தவறு இதுதான். ஜெயித்த பிறகு நடப்பதை நினைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் அதில் கைகால் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. ரன்-அப்பில் (தாண்டுமுன் ஓடி வருவதில்) எத்தனை அடி, கடைசி இரண்டு அடியில் இடுப்பு எப்படிக் கொஞ்சம் இறங்குகிறது, பாதம் பலகையில் எப்படி விழுகிறது, இதையெல்லாம்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ‘கூடாது’. ஃபவுல் ஆகக் கூடாது என்று சொன்ன அடுத்த நொடி மனசு வரைவது கோட்டைத் தாண்டி விழுந்த காலைத்தான். 1985-இல் வெளியான ஒரு கோல்ஃப் ஆய்வில், பந்து குழிக்குள் விழுவதாகக் கற்பனை செய்துவிட்டு அடித்த மாணவர்கள் சுமார் 30 சதவீதம் தேறினார்கள். கடைசி நேரத்தில் குழியைத் தவறவிடுவதாகக் கற்பனை செய்தவர்கள் சுமார் 21 சதவீதம் மோசமானார்கள்.

அப்படியானால் தப்பாகப் போவதை நினைக்கவே கூடாதா? நினைக்கலாம், ஆனால் தப்போடு படத்தை நிறுத்திவிடக் கூடாது, அதைச் சமாளித்து முடிப்பதுவரை ஓட்ட வேண்டும். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸை அவருடைய கோச் பாப் போமன் சின்ன வயதிலிருந்தே தினமும் ரேஸை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கப் பழக்கினார், அதில் கோளாறாகப் போகிற ரேஸ்களும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசியில் சுவரே தெரியாத நிலை. பதறாமல் கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார்: 1 நிமிடம் 52.03 விநாடி, தங்கம், உலக சாதனை.

அப்புறம், எங்கே எப்படிச் செய்கிறோம் என்பது. மின்விசிறிக்கு அடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு செய்தால் பாதியில் தூக்கம்தான் வரும் (எனக்கு வந்தது). 2001-இல் ஹோம்ஸ், காலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது, கற்பனை நிஜப் போட்டிக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று. ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் ரன்-அப் தொடங்கும் இடத்திலேயே நில்லுங்கள், பேட் பிடிக்கிறவர் பேட்டைக் கையில் வைத்துக்கொள்ளட்டும், படபடப்பையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். வேகமும் முக்கியம். 12 விநாடியில் ஓடுகிற 100 மீட்டரை மனதில் 30 விநாடிக்கு இழுத்தால் தாளம் கெட்டுவிடும், ஆகவே ஸ்டாப்வாட்ச் வைத்துச் சரிபாருங்கள். நுணுக்கம் பார்க்க எப்போதாவது ஸ்லோ மோஷனில் ஓட்டினால் தப்பில்லை, அதையே வழக்கமாக்கக் கூடாது.

நம் கண் வழியாகவே உள்ளிருந்து பார்ப்பதா, நம்மையே டிவியில் பார்ப்பதுபோல வெளியிலிருந்தா என்று ஒரு பட்டிமன்றம் எப்போதும் நடக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ், கராத்தே மாதிரி உடம்பின் வடிவம் முக்கியமான விளையாட்டுகளில் வெளிப்பார்வையும் நன்றாகவே உதவுகிறது. இரண்டையும் முயன்று பாருங்கள், அவ்வளவுதான்.

மைதானத்துக்குப் போகாமல் இதை மட்டும் வைத்தே தேறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது மேல், நிஜப் பயிற்சிக்குக் கீழ். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது இதைத்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் பலன் கூடுவதும் இல்லை, ஒரு தடவைக்கு 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மழையிலோ காயத்திலோ வீட்டில் அடைபட்டிருக்கும் நாட்களில்தான் இதன் அருமை தெரியும்.

படமே தெளிவாக வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சிலருக்கு மனதில் காட்சி என்று ஒன்று வருவதே இல்லை. பரவாயில்லை, தசையின் இறுக்கம், மூச்சு, சத்தம் என்று உங்களுக்கு எது வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றைக்கும் பலகை மங்கலாகத்தான் தெரியும், ‘டக்’ என்று கால் விழும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கும்.