ஓப்பன் ஃப்ளாக்குகளுக்குப் பெயர் சொல்லும்போது நேரும் தவறுகள்

சி மொழியில் கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்புக்குக் கொடுத்த ஃப்ளாக்குகளை (எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லும் குறிகளை) லாகில் (நிரல் எழுதும் பதிவேட்டில்) பெயர்களாக அச்சிட வேண்டியிருக்கும்போது, பெயரும் மதிப்பும் கொண்ட ஓர் அட்டவணையை அமைத்து, ஒவ்வொரு மதிப்பையும், இரு எண்களிலும் 1 ஆக உள்ள பிட்டுகளை மட்டும் தரும் & கொண்டு சோதித்து, விடை பூஜ்யமாக இல்லாவிட்டால் பெயரை எழுதிவிடுவதே பலரின் வழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் தனக்கென ஒரு பிட் உண்டு என்று நம்பி எழுதப்படும் இந்த நிரல், முதல் இரண்டு பிட்டுகளிலேயே சறுக்கிவிடுகிறது.

லினக்ஸில் ஓ_ஆர்டிஒன்லி (படிக்க மட்டும்) 0, ஓ_டபிள்யூஆர்ஒன்லி (எழுத மட்டும்) 1, ஓ_ஆர்டிடபிள்யூஆர் (இரண்டுக்கும்) 2. இவை பிட்டுகள் அல்ல. இரண்டு பிட் இடத்தில் வைக்கப்பட்ட ஒரு சிறிய எண். பூஜ்யத்தோடு & செய்தால் எப்போதும் பூஜ்யமே கிடைக்கும் என்பதால், படிப்பதற்காக மட்டும் திறந்த கோப்புக்கு மேற்கண்ட நிரல் எந்தப் பெயரையும் அச்சிடாது. ஓ_ஏசிசிமோட் (மதிப்பு 3) என்ற மாஸ்க்கால், அதாவது வேண்டிய பிட்டுகளை மட்டும் தெரிவுசெய்யும் எண்ணால், அந்த எண்ணைத் தனியே பிரித்து, ஸ்விட்ச் கூற்றில் ஒப்பிடுவதே முறை. அப்படிப் பிரிக்கும்போது ‘ஃப்ளாக்ஸ் & ஓ_ஏசிசிமோட் == ஓ_ஆர்டிஒன்லி’ என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதிவிடுவது இன்னொரு பழைய வினை: சி மொழியில் == செயற்குறிக்கே முன்னுரிமை என்பதால், 3-ம் 0-வும் சமமா என்ற கேள்வி முதலில் முடிந்து, நிபந்தனை எப்போதும் பொய்யாகிவிடுகிறது.

அடுத்த சிக்கல், ஒன்றுக்கு மேற்பட்ட பிட்டுகளைக் கொண்ட பெயர்கள். லினக்ஸ் 2.6.33 முதல் ஓ_சிங்க் (தரவும் கோப்பின் விவரங்களும் வட்டை அடையும்வரை காத்திருப்பது) என்பது ஓ_டிசிங்க் (தரவும் அதைப் படிக்கத் தேவையான விவரங்களும் அடைந்தால் போதும் என்பது) பிட்டையும் தன்னுள் அடக்கியது; ஓ_டிஎம்பிஃபைல் (பெயரில்லாத தற்காலிகக் கோப்பு) அவ்வாறே ஓ_டைரக்டரியை (கோப்புறையாக இருந்தால் மட்டும் திறப்பது) அடக்கியது. பூஜ்யமல்லாத விடை போதும் என்று சோதித்தால், ஓ_டிசிங்க் மட்டும் கொடுத்துத் திறந்த கோப்புக்கும் லாகில் ஓ_சிங்க் என்று வந்துவிடும். தரவுத்தளக் கோப்பொன்று வட்டில் எவ்வளவு உறுதியாக எழுதப்படுகிறது என்பதை ஆராய்பவருக்கு இது சாதாரணப் பிழை அன்று. ஆகவே & செய்த விடை அந்த மாஸ்க்குக்கே சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; கூட்டுப் பெயர்களை அட்டவணையில் முதலில் வைத்து, பொருந்திய பிட்டுகளை உடனே நீக்கிவிட வேண்டும்.

இந்தத் திருத்தமே ஒரு புதிய பிழையைக் கொண்டுவரும் என்பதுதான் வேடிக்கை. 64 பிட் இன்டெல் கணினிகளில் ஜிஎன்யூ சி நூலகம் ஓ_லார்ஜ்ஃபைலுக்கு (பெரிய கோப்புகளுக்கான ஃப்ளாக்) 0 என்ற மதிப்பைத் தருகிறது. பூஜ்ய மாஸ்க் எந்த எண்ணோடும் ‘சமமாக’ப் பொருந்துவதால், எல்லாக் கோப்புகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பூஜ்ய மதிப்புகளை அட்டவணையில் தாண்டிவிட வேண்டும். ஆனால் அதே கணினியில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் பக்கத்தில் ஆக்டல் (எட்டின் அடிமான) 0100000 என்ற பிட்டைச் சேர்த்து வைப்பதால், பெயரில்லாத ஒரு பிட் மிஞ்சும். மிச்சத்தை விழுங்கிவிடாமல் எண்ணாகவே அச்சிடுவது நல்லது.

மதிப்புகளை, அவற்றை வரையறுக்கும் ஹெடர் கோப்பிலிருந்து பெறாமல் கையால் எழுதுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 1024 என்பது இன்டெல் லினக்ஸில் ஓ_அப்பெண்ட், மேக்ஓஎஸ்ஸில் ஓ_ட்ரங்க். ஓரிடத்தில் கடைசியில் சேர்ப்பது, மற்றோரிடத்தில் கோப்பையே காலி செய்வது! லினக்ஸுக்குள்ளேயேகூட, ஏஆர்எம் செயலியில் ஓ_டைரக்ட், ஓ_டைரக்டரி ஆகியவற்றின் மதிப்புகள் இன்டெலில் உள்ளதற்கு இடம் மாறியுள்ளன.

பெயரிலிருந்து பிட்டுக்குப் போகும் திசையில் தவறுகள் குறைவு. எனினும் ஓ_டைரக்டரி என்ற சொல் ஓ_டைரக்ட் என்ற எழுத்துகளிலேயே தொடங்குவதால், ஓர் எழுத்துத்தொடருக்குள் இன்னொன்றைத் தேடும் எஸ்டிஆர்எஸ்டிஆர் கொண்டு தேடினால் இரண்டும் பொருந்திவிடும். முழுச் சொல்லையும் ஒப்பிட வேண்டும்.

எண் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இயங்கும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் கோப்பமைப்பின் எஃப்டிஇன்ஃபோ கோப்பில் ஃப்ளாக்குகள் ஆக்டலில் எழுதப்பட்டிருக்கும். அதிலுள்ள 0100002 என்பதைப் பதின்ம எண்ணாகப் படித்தால் பொருளற்ற பெயர்கள் வரிசையாக வரும். திறந்த கோப்பின் ஃப்ளாக்குகளைக் கேட்கும் எஃப்_கெட்எஃப்எல் கட்டளை மூலம் பெற்ற எண்ணிலோ, ஓ_கிரியட் (இல்லாத கோப்பை உருவாக்குவது), ஓ_ட்ரங்க் போன்று திறக்கும் நொடியில் மட்டுமே பயன்படுபவை இருப்பதில்லை. ஓ_குளோஎக்ஸெக்கும் (எக்ஸெக் மூலம் வேறு நிரலைத் தொடங்கும்போது கோப்பை மூடிவிடும் ஃப்ளாக்) அங்கே கிடைக்காது, அதன் நிலையை எஃப்_கெட்எஃப்டி என்ற வேறொரு கட்டளை கொண்டுதான் கேட்டறிய வேண்டும்.