இரண்டு நாள், ஆறு வேளை: சாப்பிட ஊர் சுற்றும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பதே பெரிய பாடு. ஒருவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட், இன்னொருவருக்குப் பள்ளியிலோ கிளினிக்கிலோ வேலை. மிஞ்சிப்போனால் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளில் பசியாறல், மதியம், இரவு என்று ஆறு வேளைதான் தேறும். அதனால் சாப்பிடுவதற்காகவே ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு ரிங்கிட் கணக்கைவிட வேளைக் கணக்கு முக்கியம் என்பேன். எந்தத் தவறு எத்தனை வேளையை விழுங்குகிறது என்று பார்த்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பது தெரிந்துவிடும்.

எல்லையில் ஏமாற்றும் கடிகாரம்

ஒரே அடியில் அதிக வேளையைப் பறிப்பது இதுதான். தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். இந்தோனேசியாவின் மேடான், ஜாகர்த்தாவும் அப்படியே. இது தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களே மாட்டிக்கொள்ளும் இடம் எல்லை நிலையமான பாடாங் பெசார்.

நம் ஊர் நிலையத்தில் வடக்கே போகும் இடிஎஸ் மின்சார ரயில் ஏறினால் பாடாங் பெசாரில் இறங்கலாம். அந்த நிலையத்துக்குள்ளேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் இருக்கிறது. முடித்துவிட்டு, தென் தாய்லாந்து நகரமான ஹட்யாய்க்குப் போகும் தாய்லாந்து ரயிலில் ஏற வேண்டும். போகும்போது சிக்கல் குறைவு, ஒரு மணி நேரம் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும். திரும்பும்போதுதான் வம்பு. தாய்லாந்து ரயில் 9 மணிக்கு பாடாங் பெசார் வந்து சேரும், நம் ரயில் 10.30க்குக் கிளம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, நிதானமாக ஒரு தே தாரிக் குடிக்கலாம் என்று தோன்றும். உண்மையில் அப்போது மலேசிய நேரம் 10. குடிநுழைவு வரிசையில் நிற்கும்போதே அரை மணி நேரம் ஓடிவிடும். கைப்பேசியையும் நம்ப முடியாது. எல்லைப் பக்கத்தில் அது எந்த நாட்டு டவரைப் பிடிக்கிறதோ அந்த நாட்டு நேரத்தைக் காட்டும். போக வர எல்லா ரயில் நேரத்தையும் மலேசிய நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வதுதான் வழி. இந்தத் தாளைப் பார்த்துச் சிரிக்கிற கணவன்மார்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

சொந்தக் காரில் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடி வழியாகப் போகிறவர்களுக்கு வேறு கதை. தாய்லாந்துக் காப்புறுதி இல்லாமல் அந்தப் பக்கம் ஓட்ட முடியாது. எல்லைக்கு முன்னால் வரும் சங்லூனில் சாலையோரக் கடைகளிலேயே எடுத்துவிடலாம், படிவங்களையும் அவர்களே நிரப்பித் தருவார்கள். நம் பக்கத்துத் தம்பதிகள் பலர் மறப்பது காரின் உரிமை யார் பேரில் என்பதை. மாமனார் பேரில் இருக்கும் மைவி காரை மருமகன் ஓட்டிப்போனால், மாமனாரின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். அவர் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார், நீங்கள் எல்லையில் நின்றுகொண்டிருப்பீர்கள். அன்றைய மதியச் சாப்பாடு போச்சு.

கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது பழைய பாடம். புதிய பாடம், இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை. தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் அது கட்டாயம். சிங்கப்பூருக்கும் உண்டு. இரண்டையும் போய்ச் சேர்வதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பலாம், இரண்டுமே இலவசம். தேடினால் முதலில் வருவது அரசாங்கப் பக்கமாகத்தான் இருக்கும் என்று நம்பி, காசு கேட்கும் போலிப் பக்கத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

கடை திறந்திருக்கிறதா?

படம் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம், கடை எந்த நாளில் திறக்கும் என்று பார்ப்பதில்லை. ஈப்போவிலும் பினாங்கிலும் நல்ல ஒட்டுக்கடைக்காரர்கள் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ தங்கள் இஷ்டத்துக்கு மூடுவார்கள். சீனப் பெருநாள் வாரத்தில் ஈப்போ கோப்பிக் கடைகளை நம்பிப் போனால் இழுத்து மூடிய கதவைத்தான் பார்க்கலாம். நோன்பு மாதத்தில் மலாய்க் கடைகள் பகலில் மூடியிருக்கும், ஆனால் மாலை நோன்புச் சந்தை அதற்கு ஈடு கட்டிவிடும். அந்த மாதத்தில் போகிறவர்கள் மதியத்தைச் சும்மா விட்டுவிட்டு மாலைக்குப் பசியோடு போவதே புத்திசாலித்தனம்.

கோத்தா பாருவுக்கு நாசி கெராபு சாப்பிடப் போகிறவர்கள் கிளந்தானில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் ஊரே அடங்கியிருக்கும். ஹட்யாயின் குளோங் ஹே மிதக்கும் சந்தை வார இறுதி மாலைகளில் கூடுவது. செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துப் போனால் வெறும் கால்வாயைப் பார்த்துவிட்டு வரலாம். சிங்கப்பூர் அங்காடி நிலையங்களைத் துப்புரவுக்காக நாள் கணக்கில் மூடுவார்கள். தேக்கா அங்காடி நிலையத்தில் சாப்பிடுவதற்கென்றே பஸ் ஏறுகிறவர்கள் அந்தத் தேதிகளை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே சாப்பிட்ட தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம்.

பருவம் இதைவிடப் பெரிய பூட்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நம் கிழக்குக் கரைத் தீவுகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். தாய்லாந்தின் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை. கோ சமூயில் அதற்கு மாறாக ஆண்டுக் கடைசியில் கொட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மலிவு டிக்கெட் வாங்குகிறவர்கள் நிறைய. ஹட்யாய்க்கும் ஆண்டுக் கடைசி ஆபத்தான காலம்தான். 2025 நவம்பர் வெள்ளத்தில் நம் நாட்டுப் பயணிகள் ஆயிரக்கணக்கில் அங்கே சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்தானே என்று வானிலை பார்க்காமல் கிளம்புவது அந்தப் பருவத்தில் சரிப்படாது.

மேசையில் உட்கார்ந்த பிறகு

தம்பதிகள் செய்யும் தவறு என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது முதல் கடையிலேயே ஆளுக்கு ஒரு தட்டு சொல்வது. இருவராகப் போவதன் லாபமே ஒரு தட்டை இருவர் சாப்பிடலாம் என்பதுதான். பினாங்கில் ஒரு செண்டோல், ஒரு சார் குவே தியாவ், ஒரு பசெம்போர் என்று பங்கிட்டால் ஒரே மாலையில் மூன்று நான்கு கடை ஏறலாம். ஆளுக்கு ஒரு தட்டு என்றால் இரண்டாவது கடையிலேயே வயிறு கையை விரித்துவிடும். அப்புறம் ஒருவர் ‘இன்னும் ஒரு கடை’ என்பார், மற்றவர் ‘ரூமுக்குப் போகலாம்’ என்பார். பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாசி கண்டார் வரிசை வேகமாக நகரும். கரண்டிக்காரர் உங்கள் முகத்தைப் பார்க்கும் இரண்டு விநாடியில் சொல்லிவிட வேண்டும். சோறு, கோழி, வெண்டைக்காய், குழம்பு கலந்து, ‘பஞ்சிர்’ என்றால் முழுக்க நனைத்து. பதற்றத்தில் பெரிய இறாலையும் கணவாய் முட்டையையும் கைகாட்டிவிட்டு, காசு கட்டும் இடத்தில் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். கடல் உணவை உருப்படிக் கணக்கில் போடுவார்கள். விலை கேட்டுவிட்டுக் கைகாட்டுங்கள். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

மேடானில் நடப்பது இதற்கு நேர்மாறு. பாடாங் உணவகத்தில் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். உட்கார்ந்ததும் பணியாள் ஒரு கையில் தோள் வரை சின்னச் சின்னத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, ரெண்டாங், பொரித்த கோழி, மரவள்ளிக் கீரை, மூளைக் குழம்பு, சம்பல் முட்டை என்று மேசை முழுக்கப் பரப்பிவிடுவார். புதிதாகப் போகிற தம்பதி இத்தனைக்கும் காசா என்று பயந்து எழுந்துவிடுவதும் உண்டு, காசு கொடுத்தாயிற்றே என்று எல்லாவற்றையும் தின்று முடிப்பதும் உண்டு. இரண்டும் வேண்டாம். கை வைத்த தட்டுக்கு மட்டுமே கணக்கு, தொடாதது உள்ளே திரும்பிப் போகும். கூடவே எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தண்ணீர்க் கிண்ணம் வந்தால் அது கை கழுவ. குடித்துவிடாதீர்கள். மேடான் போனால் கம்போங் மெட்ராஸ் பக்கமும் ஒரு நடை போய்வரலாம். டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட தமிழர்கள் வாழ்ந்த வட்டாரம் அது, ஸ்ரீ மாரியம்மன் கோவிலும் அங்கேதான். தோட்டத்தில் பிறந்த நமக்கு அந்தத் தெருவில் அந்நியம் தோன்றாது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நம்மில் அதிகம். ஊரில் ‘டாகிங்’ என்று எழுதியிருந்தால் ஒதுங்கிவிடுவோம். இந்தோனேசியாவில் ‘சாப்பி’ என்று இருக்கும். பக்சோ உருண்டையும் பெரும்பாலும் மாடுதான். வியட்நாமில் ஃபோ கேட்டால் பெரும்பாலும் மாட்டு ஃபோ வரும், கோழி வேண்டுமென்றால் ‘ஃபோ கா’ என்று கேட்க வேண்டும். சைவம் என்றால் ‘சாய்’.

சைவக்காரர்களுக்கு மீன் சாறுதான் கண்ணி. தாய்லாந்தில் காய்கறி மட்டும் போட்ட பிரட்டலிலும் அது இருக்கும், ஜப்பானில் தெளிந்த சூப்பிலும் மீன் இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதாது. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட ‘ஜே’ கடையைத் தேடுங்கள். அங்கே மீன் சாறு இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. புரட்டாசியில் ஊர் சுற்றவே முடியாது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு தகவல்: சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் புக்கெட்டில் சைவத் திருவிழா நடக்கும். சில ஆண்டுகளில் அது நம் புரட்டாசியோடு ஒட்டி வரும். தெரு முழுக்கச் சைவக் கடை. ஆனால் நாக்கில் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு போவதைப் பார்க்க முடியாதவர்கள் ஊர்வல நேரத்தைத் தவிர்த்துவிடலாம். தைப்பூசம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் டூயிட்நவ் கியூஆர் கட்டண முறை தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூரில் பல கடைகளில் வேலை செய்யும். ஆனால் ரயிலுக்கும் ஒட்டுக்கடைக்கும் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். தாய்லாந்து ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். அட்டையில் கட்டும்போது ‘ரிங்கிட்டா, உள்ளூர்ப் பணமா’ என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

பையில் வருவதும் போவதும்

இருவர் பயணம் என்று ஆரம்பித்து, மச்சான், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், கடைசியில் மாமி என்று வேன் பிடிக்கும் அளவுக்கு வளர்வது நம் ஊர் வழக்கம். அதைத் தடுக்கும் வித்தை எனக்குத் தெரியவில்லை. வராதவர்கள் கொடுத்தனுப்பும் பட்டியலை மட்டும் கட்டுப்படுத்தலாம். விலை குறைந்த விமான டிக்கெட்டில் கைப்பை 7 கிலோதான், ஹட்யாயின் கிம் யோங் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றாலே அது நிரம்பிவிடும்.

வீட்டிலிருந்து கொண்டுபோகும் நெத்திலிச் சம்பலும் எலுமிச்சை ஊறுகாயும் விமான நிலையத்தில் திரவம் மாதிரிதான். 100 மில்லிக்கு மேல் பாட்டில் கைப்பையில் இருந்தால் பிடுங்கிவிடுவார்கள், பெட்டியில் போடுங்கள். ஜப்பானுக்கு இறைச்சி சேர்த்த எதையும் கொண்டுபோகக் கூடாது. துருவலாக வறுத்த கோழி செருண்டிங்கும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் வேண்டாம். பருப்புப் பொடி, முறுக்கு, மிக்சர் போதும்.

தாய்லாந்திலிருந்து திரும்பும்போது ஒன்றில் மட்டும் விளையாட்டே கூடாது. அங்கே 2022இல் கஞ்சாவுக்குத் தடை தளர்ந்ததிலிருந்து பிஸ்கட், மிட்டாய், பானம் என்று பல வடிவில் விற்பனைக்கு வந்தது. பிறகு கட்டுப்பாடு போட்டிருந்தாலும் இலைப்படம் போட்ட பொட்டலங்கள் கண்ணில் படும். பிள்ளைகளுக்கு என்று வாங்கும் மிட்டாயின் உறையை இருவரும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இலைப்படம் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் மிட்டாய் என்று பார்த்து விடாது, பையைத் தூக்கியவர் யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அடுத்தவர் ‘இதை ஈப்போவில் கொடுத்துவிடுங்கள்’ என்று நீட்டும் பொட்டலத்துக்கும் இதே பதில்தான், கேட்பவர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.