சைக்கிளை அட்டைப்பெட்டியில் கட்டி வெளிநாட்டுக்கு விமானத்தில் கொண்டுசெல்வது எப்படி?

ஜப்பானில் ஒனோமிச்சியிலிருந்து இமபாரி வரை செல்லும் ஷிமானமி பாதை ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான்; அதற்கு அங்கேயே சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரில் தொடங்கி டான்யூப் ஆற்றையொட்டி வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்ட விரும்புகிறவருக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அன்றாடம் ஓட்டிப் பழகிய சொந்தச் சைக்கிள்தான் உடம்புக்கு ஒத்துவரும். அதைச் சென்னையிலிருந்து சேதமில்லாமல் கொண்டுபோகும் முறையை இங்கே எழுதுகிறேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டவும் பஞ்சர் ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டி

விலையுயர்ந்த கெட்டிப் பெட்டியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஓரிடத்தில் இறங்கி வேறோரிடத்திலிருந்து திரும்பும் பயணத்தில் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதே பெரும்பாடாகிவிடும். காலிப் பெட்டியின் எடையும் நமக்கு அனுமதிக்கப்பட்ட எடையிலிருந்தே கழியும். புதுச் சைக்கிள் வந்திறங்கும் அட்டைப்பெட்டியே போதும். அதைச் சைக்கிள் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடுத்துவைப்பார்கள். திரும்பும் ஊரிலும் அதேபோல ஒன்றைக் கேட்டு வாங்கலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் நுனியில் செருகும் பிளாஸ்டிக் துண்டு பெட்டிக்குள் கிடந்தால் அதையும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியின் நீள அகல உயரங்களைக் கூட்டினால் பெரும்பாலும் 230 சென்டிமீட்டரைத் தாண்டும். சாதாரணப் பெட்டிகளுக்கு விமான நிறுவனங்கள் வழக்கமாக வைக்கும் வரம்பு 158 சென்டிமீட்டர் என்பதால், டிக்கெட் எடுக்கும்போதே விளையாட்டுச் சாமான் என்று பதிவு செய்து, அதற்கான உறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எடைக்கு 23 கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பெடல்

கருவிகளில் 4, 5, 6, 8 மில்லிமீட்டர் ஆலன் கீக்களும் (அறுகோணச் சாவிகள்) 15 மில்லிமீட்டர் ஸ்பேனரும் இருந்தால் போதும். நீளமான கைப்பிடியுள்ள ஸ்பேனரையே வாங்குங்கள். பல கருவிகள் மடங்கியிருக்கும் குட்டிக் கருவி பெடலிடம் தோற்றுவிடும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் சைக்கிள்களில் பெடல் மரை உப்பேறி இறுகியிருக்கும். கழற்றுவதற்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். வலப் பெடலின் மரை வழக்கமானது. இடப் பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுழலும். இதை மனப்பாடம் செய்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு: ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்குமாறு மாட்டிக்கொண்டு, பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடல்களுமே தளரும், முன்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரண்டும் இறுகும். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

பின் டிரெயிலியர்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஃபிரேமுக்கு மெத்தை மெத்தையாகச் சுற்றிவிட்டு, பின்புறம் கியரை மாற்றும் டிரெயிலியரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெட்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் முதலில் அடி வாங்குவது அதுதான். டிரெயிலியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு, அடி பட்டால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் வளைந்துகொடுக்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. அது சற்று வளைந்தாலும் கியர் சரியாக விழாது. மோசமாக வளைந்திருந்தால், மேடேறுவதற்காகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும் வேளையில் டிரெயிலியர் ஸ்போக்குகளுக்குள் சிக்கிப் பின்சக்கரத்தையே பாழாக்கும்.

ஆகவே முதலில் செயினை மிகச் சிறிய பின் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போது கேபிள் தளர்ந்திருக்கும். 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் டிரெயிலியரை ஹேங்கரிலிருந்து கழற்றுங்கள். கேபிளையும் செயினையும் பிரிக்க வேண்டியதில்லை. பழைய துணியில் அதைப் பொதிந்து, பின்சக்கரத்தை ஒட்டிய ஃபிரேம் குழாய்களின் உட்புறமாக இழுத்து, பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போதுதான் நுணுக்கம் தேவைப்படுகிறது. டிரெயிலியரின் தலைப்பகுதியில் ஒரு சிறு திருகு நீட்டிக்கொண்டிருக்கும். அது ஹேங்கரில் இருக்கும் சிறு முகட்டுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். முகட்டின் மேலேயே ஏறி நின்றால் போல்ட் நேராக இறங்காமல் கோணலாக மரையைக் கடிக்கும். டிரெயிலியரைச் சற்றுப் பின்னோக்கிச் சுழற்றிப் பிடித்துக்கொண்டு, ஆலன் கீயை விரல்நுனியால் மட்டும் திருப்புங்கள். முதல் மூன்று நான்கு சுற்றுகள் எதிர்ப்பில்லாமல் போனால்தான் அழுத்தம் கொடுக்கலாம். அலுமினிய மரை ஒருமுறை தேய்ந்தால் வழியில் அதற்கு மருந்தில்லை.

சைக்கிள் மாடலுக்கு மாடல் ஹேங்கரின் வடிவம் மாறும். உங்கள் மாடலுக்குரிய உபரி ஹேங்கர் ஒன்றைச் சென்னையிலேயே தேடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற பாகங்கள்

முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபிரேமின் இடப்பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள். ஃபோர்க்கின் இரு முனைகளுக்கும் இடையே பிளாஸ்டிக் துண்டைச் செருகாவிட்டால் பக்கவாட்டு அழுத்தத்தில் அவை உள்வளையும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், தட்டைப் பிடிக்கும் பேடுகளுக்கு நடுவே மடித்த தடித்த அட்டையைச் செருகிவிட்டு, மறந்தும் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஹேண்டில் பாரைக் கழற்றுமுன் அதன் கோணத்தையும், சீட் குழாயின் உயரத்தையும் இன்சுலேஷன் டேப்பால் அடையாளம் செய்துகொள்ளுங்கள். ஃபிரேம் குழாய்களுக்கு உறையாக, ஏ.சி. குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோமை நீளவாக்கில் கிழித்து மாட்டினால் அச்செடுத்தாற்போல் பொருந்தும். குமிழ்த்தாளைவிட அதுவே எனக்குப் பிடித்தமானது.

டயர் காற்றை முழுவதும் இறக்கச் சொல்வார்கள். விமானத்தின் சரக்குப் பகுதியிலும் காற்றழுத்தம் பேணப்படுவதால் டயர் வெடிக்கும் என்ற அச்சம் வீண், 80 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தின் அலகு) இருந்த டயர் அங்கே ஏறத்தாழ 84 ஆக உணரும், அவ்வளவே. ஆனால் கவுன்டரில் நின்று இயற்பியல் வாதம் செய்து பயனில்லை. விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்குக் காற்றைக் குறைத்துவிடுங்கள். சிறிது காற்று மிச்சமிருந்தால் ரிம்முக்கும் பாதுகாப்பு.

பவர் பேங்க், சார்ஜ் செய்யும் விளக்குகளின் உபரி பேட்டரி ஆகியவை கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. கருவிகள் எல்லாம் பெட்டிக்குள். அடுப்புக்கான கேஸ் குப்பியை இங்கிருந்து கொண்டுபோகவே கூடாது. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்குங்கள்.

மீனம்பாக்கத்தில்

விலையுயர்ந்த சைக்கிள் என்றால், பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே சுங்கத்துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெறுங்கள். திரும்பி வரும்போது அது வெளிநாட்டில் வாங்கியது அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம். வாங்கிய ரசீதின் நகலும், ஃபிரேம் எண் தெரியும் புகைப்படமும் உடன் இருக்கட்டும். சோதனைக்காகப் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம் என்பதால் ஓர் உபரி டேப் சுருளைக் கையில் வைத்திருங்கள்.

இறங்கிய பின் ஹேண்டில் பாரை மாட்டும் வரிசை முக்கியம். அதைத் தாங்கும் ஸ்டெம்மையும் கழற்றியிருந்தால், முதலில் மேல்மூடியின் போல்ட்டை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டியிருப்பதால், பின்பார்வைக் கண்ணாடியை இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்வதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை.

பின்சேர்க்கை

ஆஸ்திரேலியா செல்லும் வாசகர் ஒருவர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். அயல்நாட்டு மண்ணோடு நோயும் பூச்சியும் நுழையாமல் தடுக்கும் உயிர்ப்பாதுகாப்புச் சோதனை அங்கும் நியூசிலாந்திலும் கடுமையானது. டயரின் வரிப்பள்ளங்களிலும், பெடலிலும், கூடாரத்தின் அடிப்பாகத்திலும் ஒட்டிய மண்ணைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். வருகைப் படிவத்தில் சைக்கிளையும் கூடாரத்தையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். இன்னொருவருடைய சைக்கிளில் முன்சக்கரம் திருகி மாட்டும் தடித்த அச்சு கொண்டது. அத்தகைய ஃபோர்க்குக்குச் சாதாரண பிளாஸ்டிக் துண்டு பொருந்தாது. அந்த அச்சையே ஃபோர்க்கில் திரும்பத் திருகி, முனைகளின் மேல் தடித்த அட்டையை மடித்துக் கட்டிவிட்டால் போதும்.