ஒரே லேப்டாப்பில் ஒண்டுக்குடித்தனம்: விண்டோஸ் 11-க்குள் எக்ஸ்பியும் லினக்ஸும்

சித்தப்பாவின் அச்சகத்தில் பதினேழு வருஷம் உழைத்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி போன ஆடியில் படுத்துவிட்டது. ஆடி என்பதால் தப்பித்தோம். ஆவணி பிறந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை வேலை குவியும். புதிதாக ஒரு லேப்டாப் வாங்கினோம். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்த கோப்புகளையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை. தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ ஒரு யுஎஸ்பி பூட்டைச் செருகினால்தான் திறக்கும். அந்தப் பூட்டை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள், பழைய 32 பிட் வகை. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றாது. பழைய மென்பொருளையாவது எதையாவது செய்து ஓட வைத்துவிடலாம், டிரைவர் விஷயத்தில் அந்த ஜம்பம் பலிக்காது.

“ஏன்டா தம்பி, அம்பதாயிரம் போட்டு வாங்கின பெட்டியில, அஞ்சாயிரத்துக்குக் கூடப் போகாத பெட்டி செஞ்ச வேலை நடக்காதா?” என்றார் சித்தப்பா. நடக்க வைத்த கதைதான் இது.

வழி, மெய்நிகர் கணினி. லேப்டாப்பின் ரேமிலும் டிஸ்க்கிலும் கொஞ்சம் ஒதுக்கி, அதையே ஒரு தனிக் கணினி என்று எக்ஸ்பியை நம்ப வைப்பது. விண்டோஸ் 11 வீட்டுக்காரர், எக்ஸ்பி ஒண்டுக்குடித்தனம். ஒரு குடித்தனம் என்றில்லை, இடம் இருக்கிற வரைக்கும் வைக்கலாம். டூயல் பூட் செய்யலாமே, அதாவது இரண்டையும் லேப்டாப்பில் நேரடியாகப் போட்டு வேண்டியதைத் துவக்கலாமே என்று கேட்பீர்கள். புது லேப்டாப்கள் துவங்கும் யுஇஎஃப்ஐ முறையில் எக்ஸ்பிக்கு பூட் ஆகத் தெரியாது, அவற்றில் இருக்கும் என்விஎம்இ வகை டிஸ்க்கும் தெரியாது. அது 2001-ல் வந்தது. புது லேப்டாப்பில் நேரடியாகப் போடுவது வீண் மல்லுக்கட்டு.

எந்த மென்பொருள்?

நான் வர்ச்சுவல்பாக்ஸ் கட்சி. இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும், எக்ஸ்பி மாதிரி கிழங்களையும் மரியாதையாக நடத்தும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம்தான். திரைக் காட்சி அதில் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பதிவிறக்கவே கணக்கு தொடங்க வேண்டும், எனக்குப் பொறுமை இல்லை. விண்டோஸின் சொந்தச் சரக்கான ஹைப்பர்-வி பக்கம் போகவேண்டாம். விண்டோஸ் ஹோம் பதிப்பில் அது வராது, எக்ஸ்பிக்கும் அது தோதுப்படாது.

வர்ச்சுவல்பாக்ஸை நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட். நடுவே நெட்வொர்க் ஒரு நொடி அறுபடும் என்று எச்சரிக்கும், பயப்படாதீர்கள்.

என் அரை நாளைத் தின்ற இடம்

இதை நிதானமாகப் படியுங்கள். மெய்நிகர் கணினிக்குப் பிராசசரின் துணை வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸ் 6.1-லிருந்து அது இல்லாமல் எதுவுமே ஓடாது. இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் இந்த வசதி 2005, 2006-லேயே வந்துவிட்டது. நிறைய லேப்டாப்களில் அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைப் பாருங்கள். கீழே ‘வர்ச்சுவலைசேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். எனேபிள்ட் என்றிருந்தால் சரி. டிசேபிள்ட் என்றிருந்தால், லேப்டாப்பை ஆன் செய்ததும் ஒரு விசையைத் தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வரும் முன் இருக்கும் அமைப்புத் திரைக்குள், போகவேண்டும். ஏசர், ஏசுஸ், டெல் என்றால் பெரும்பாலும் எஃப்2, எச்பி என்றால் எஃப்10.

நான் உள்ளே போய் ‘வர்ச்சுவலைசேஷன்’ என்ற சொல்லைத் தேடு தேடு என்று தேடினேன். இல்லவே இல்லை. இந்த லேப்டாப்பில் அந்த வசதியே கிடையாது போலிருக்கிறது என்று முடிவு கட்டி, கடைக்காரருக்கு போன் போடப் போனேன். அப்புறம்தான் தெரிந்தது: இன்டெல்லில்தான் அந்தப் பெயர். ஏஎம்டி பிராசசர் என்றால் அதற்கு ‘எஸ்விஎம் மோட்’ என்று பெயர். அட்வான்ஸ்ட் பக்கத்தில், கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. நான் மூன்று முறை கடந்து போயிருக்கிறேன்.

பயாஸில் கை வைக்கும் முன் ஒரு காரியம். புது லேப்டாப்களில் பிட்லாக்கர் குறியாக்கம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். பயாஸில் எதையாவது மாற்றினால், அடுத்த முறை பூட் ஆகும்போது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு நின்றுவிட வாய்ப்புண்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். முதலில் அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். எக்ஸ்பி நிறுவ ஆரம்பித்தால், ‘இன்னும் 34 நிமிடம்’ என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. டீ குடித்துவிட்டு வந்தேன், 34. சாப்பிட்டுவிட்டு வந்தேன், அதே 34. அப்போதுதான் சாளரத்தின் கீழே வலது மூலையில் ஒரு பச்சை ஆமைப் படம் கண்ணில் பட்டது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆமை புகுந்த வீடு என்பார்களே, அதேதான். விண்டோஸ் தன் சொந்த ஹைப்பர்-வி இயந்திரத்தை ஏற்கெனவே கையில் எடுத்துக்கொண்டது, வர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோள் மேல் ஏறி நொண்டிக்கொண்டு போகிறது என்பதுதான் அந்த ஆமையின் பொருள்.

ஆமையை விரட்ட இரண்டு இடம் பார்க்கவேண்டும். ஒன்று, ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ என்று தேடித் திறந்து ஹைப்பர்-வி, வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுப்பது. இரண்டாவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன், அதற்குள் மெமரி இன்டெக்ரிட்டி. இதை அணைத்தால்தான் பலருக்கு ஆமை போகிறது; எனக்கும் அப்படியே. இது ஒரு பாதுகாப்பு அம்சம், அணைப்பதில் கொஞ்சம் விலை உண்டு. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யுஎஸ்எல் 2, டாக்கர் எல்லாம் பயன்படுத்துகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள், முதலில் சொன்ன டிக்குகளை எடுத்தால் அவை நின்றுவிடும். எங்கள் லேப்டாப்பில் பத்திரிகை வேலையைத் தவிர ஒன்றும் இல்லை, அணைத்துவிட்டேன். மறுபடி பூட் செய்தபின் எக்ஸ்பி இருபது நிமிடத்துக்குள் நிறுவி முடிந்தது.

எக்ஸ்பியைக் குடிவைப்பது

எக்ஸ்பி சிடி உங்களிடம் உரிமத்தோடு இருக்கவேண்டும். அச்சகத்துக்கு அந்தக் காலத்தில் வாங்கியது வால்யூம் உரிமம், அதனால் ஆக்டிவேஷன் தொல்லை இல்லை. லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. நண்பர் ஒருவரின் கணினியில் போட்டு ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது சிடியின் முழு நகலாக, மாற்றிக்கொண்டேன்.

வர்ச்சுவல்பாக்ஸில் ‘நியூ’ அழுத்தி, பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓவைக் காட்டியதும் அவசரப்பட்டு நெக்ஸ்ட் அடிக்காதீர்கள். ‘ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். விட்டால் அதுவே உங்களைக் கேட்காமல் நிறுவ ஆரம்பித்துவிடும். (சில புதிய பதிப்புகளில் இதே கட்டம் தலைகீழாக ‘ப்ரொசீட்’ என்று இருக்கிறது, அங்கே டிக் இருக்கக்கூடாது.)

ரேம் 512 எம்பி போதும், எக்ஸ்பிக்கு அதுவே ராஜபோகம். பிராசசர் ஒன்று. டிஸ்க் 10 ஜிபி. முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கும் கட்டத்தைத் தொடாமல் விடுங்கள். அப்போது 10 ஜிபியை இப்போதே எடுத்துக்கொள்ளாது, நிறைய நிறையத்தான் வளரும். ஆனால் உள்ளே கோப்பை அழித்தால் தானாகச் சுருங்காது. டிஸ்க்கை ஐடிஇ என்ற பழைய இணைப்பில்தான் மாட்டவேண்டும். எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் வர்ச்சுவல்பாக்ஸே அப்படித்தான் வைக்கும். வேகம் கிடைக்குமே என்று நீங்களாகப் புதிய சாட்டா இணைப்புக்கு மாற்றினால், ஹார்ட் டிஸ்க்கே காணோம் என்று நிறுவி கைவிரித்துவிடும்.

ஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை வரும், எஃப்8, என்டிஎஃப்எஸ் குயிக் ஃபார்மேட், மிச்சம் எல்லாம் உங்களுக்கே தெரியும். சாளரத்துக்குள் கிளிக் செய்ததும் மவுஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டால், வலது பக்கக் கன்ட்ரோல் பொத்தானை ஒரு தட்டு தட்டுங்கள்.

எக்ஸ்பி வந்ததும் முதல் வேலை, டிவைசஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி நிறுவுவது. இது இல்லாமல் திரை சின்னதாகவே இருக்கும், கோப்பு பரிமாற்றமும் நடக்காது. அப்புறம் மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் அடாப்டரின் டிக்கை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டன. அதை இணையத்தில் விடுவது வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற மாதிரி. நெட்வொர்க் இல்லாவிட்டால் கோப்பு எப்படி வரும் என்று நானும் குழம்பினேன். பகிர்வு கோப்புறைக்கு நெட்வொர்க் அடாப்டர் தேவையே இல்லை. அது கெஸ்ட் அடிஷன்ஸ் வழியாகவே வருகிறது. ‘ஷேர்ட் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் விண்டோஸ் 11-ன் ஒரு கோப்புறையைக் காட்டி, ஆட்டோ மவுண்ட்டில் டிக் போட்டால் எக்ஸ்பியில் தனி டிரைவாகத் தெரியும்.

யுஎஸ்பி பூட்டுக்கு: செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதிக்குப் போய் 2.0-ஐத் தேர்ந்தெடுங்கள். 3.0 எக்ஸ்பிக்குப் புரியாது. பூட்டைச் செருகிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் பட்டியலில் அதன் பெயர் வரும். அதைச் சேர்த்துவிட்டால் அடுத்த முறை செருகும்போது விண்டோஸ் 11 கையில் போகாமல் நேராக எக்ஸ்பிக்குப் போய்விடும். மென்பொருள் திறந்து, ‘நிகழும் மங்களகரமான’ என்ற பழைய வரி திரையில் தமிழாகவே வந்தபோது சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது குடித்தனம்: லினக்ஸ் மின்ட்

லினக்ஸ் மின்ட் ஓர் இலவச இயங்குதளம். இது என் ஆசைக்கு. 8 ஜிபி லேப்டாப்பில் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புதான் சரிப்படும். ரேம் 2.5 ஜிபி, டிஸ்க் 25 ஜிபி. இங்கே நெட்வொர்க் இருக்கட்டும். நிறுவும்போது ‘டிஸ்க் முழுவதையும் அழிக்கவா’ என்று கேட்கும், நெஞ்சு பதைக்கும். அழிவது அந்த மெய்நிகர் டிஸ்க் மட்டும்தான், தைரியமாகச் சரி சொல்லுங்கள்.

மின்ட்டில் அதே பகிர்வு கோப்புறையைத் திறந்தால் ‘அனுமதி இல்லை’ என்று சொல்லும். உங்கள் பயனர் கணக்கை ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ குழுவில் சேர்க்கவேண்டும். பயனர்கள், குழுக்கள் நிர்வாகச் சாளரத்தில் டிக் போட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள். வெளியேறாமல் டிக் மட்டும் போட்டுவிட்டுப் புலம்பியவர்களில் நானும் ஒருவன்.

ஆசைக்கு வைத்த மின்ட் வேலைக்கும் உதவியது. எக்ஸ்பியில் பிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி) என்று பெயர் முடியும் ஒரு பிரிண்டரை ‘ஃபைல்’ போர்ட்டில் சேர்த்தேன். பேஜ்மேக்கரிலிருந்து எழுத்துருவோடு சேர்த்துப் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாகப் பகிர்வு கோப்புறைக்கு அச்சிட வேண்டியது, மின்ட்டில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்கிவிடும். பிளேட் போடுகிறவரிடம் அந்தத் தமிழ் எழுத்துரு இருக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கோஸ்ட்ஸ்கிரிப்ட் விண்டோஸ் 11-லும் ஓடும், ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்னாப்ஷாட்: வரமும் சாபமும்

எக்ஸ்பி, பேஜ்மேக்கர், எழுத்துருக்கள் எல்லாம் சரியானதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். நாளைக்கு எது கெட்டாலும் ஒரே கிளிக்கில் அந்த நிமிடத்துக்குத் திரும்பிவிடலாம். அப்படித்தான் ஒரு நாள் எழுத்துரு ஏதோ குழம்பிவிட்டது என்று நான் பெருமையாகத் திரும்பினேன். சித்தப்பா அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து திருத்திய காதுகுத்துப் பத்திரிகை எக்ஸ்பியின் டெஸ்க்டாப்பில் இருந்தது. அதுவும் சேர்ந்து பின்னோக்கிப் போய்விட்டது. இப்போது கோப்பு எதுவானாலும் பகிர்வு கோப்புறையில்தான். அது வீட்டுக்காரரின் டிஸ்க்கில் இருப்பதால் ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர், தன் லேப்டாப்பில் வலது கன்ட்ரோல் பொத்தானே இல்லை, மவுஸ் உள்ளே சிக்கிவிட்டது என்று எழுதியிருந்தார். ப்ரிஃபரன்சஸில் இன்புட் பகுதிக்குப் போய் ‘ஹோஸ்ட் கீ’-யை வேறு பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளலாம். உடனடி விடுதலைக்கு விண்டோஸ் திரைவிசைப்பலகை கைகொடுக்காது, கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்துங்கள், அது வீட்டுக்காரருக்குத்தான் போகும்.

எம்1, எம்2 மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை ஆகாது. அந்தச் சில்லு ஆர்ம் வகை, அதன் வர்ச்சுவல்பாக்ஸில் ஆர்ம் இயங்குதளங்கள் மட்டுமே ஓடும். யுடிஎம் என்ற மென்பொருளில் எக்ஸ்பியைப் பாவனையாக ஓட்டலாம், மெதுவாக இருக்கும்.

காப்பு எப்படி எடுப்பது என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஸ்னாப்ஷாட் காப்பு ஆகாது, அதுவும் அதே டிஸ்க்கில்தானே கிடக்கிறது. மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, அதன் கோப்புறையை அப்படியே வெளியே நகலெடுங்கள். பென் டிரைவில் எடுப்பதானால் முதலில் அதை எக்ஸ்ஃபாட்டாக ஃபார்மேட் செய்யுங்கள். ஃபாட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, கோப்பு பெரிது என்று விண்டோஸ் அதை நகலெடுக்கவே மறுத்துவிடும்.