ஆல்டர்மேக்னெட்டில் டோப்பாலஜி: ஒரு தாளில் போட்டுப் பார்க்கும் கணக்கு

இரும்பில் ஸ்பின்கள், அதாவது எலக்ட்ரான்களின் குட்டிக் காந்தத் திசைகள், ஒரே பக்கம் பார்க்கும். எதிர்க்காந்தத்தில் ஒன்று மேலே, அடுத்தது கீழே, கூட்டினால் பூஜ்ஜியம். 2022இல் ஷ்மெய்க்கல், சினோவா, யுங்வர்த் மூவரும் தனி வகையாகப் பிரித்த ஆல்டர்மேக்னெட்டிலும் கூட்டல் பூஜ்ஜியம்தான். ஆனால் எலக்ட்ரான் ஓடும் விதம் வேறு.

சென்னிமலைப் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்ஸ்பின் பாவு வழியே சுளுவாக ஓடுகிறது, கீழ்ஸ்பின் ஊடை வழியே. துணியை 90 பாகை திருப்பினால் இரண்டும் இடம் மாறும். சதுரக் கட்டத்தில் ஆல்டர்மேக்னெட் இவ்வளவுதான்.

படி 1: இரண்டு எண்கள். ஆல்டர்காந்தப் பலம் ‘ஆ’, செங்குத்துக் காந்தப்புலம் ‘பு’. முதலில் ஆ = 1, பு = 0.5.

படி 2: நான்கு முனைகளில் மட்டும் கணக்குப் போடுங்கள்:

பு + ஆ × (கோசைன் பாவுக்கோணம் − கோசைன் ஊடைக்கோணம்)

கோணம் என்பது எலக்ட்ரான் அலை ஒரு கட்டம் தாண்டும்போது அந்த வழியே எவ்வளவு திரும்புகிறது என்பது. முனைகளில் கோணங்கள் 0 அல்லது 180 பாகை. ஏன் நான்கு மட்டும்? ஸ்பினையும் ஓட்டத்தையும் பிணைக்கும் சைன் உறுப்புகள் அங்கேதான் பூஜ்ஜியமாகின்றன. மற்ற இடங்களில் இரண்டு பட்டைகளும் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் வரிசைகள்) தொட வழியில்லை.

(0, 0): 0.5
(180, 0): −1.5
(0, 180): 2.5
(180, 180): 0.5

படி 3: குறிகளை மட்டும் எடுங்கள்: +, −, +, +. நடு இரண்டைத் திருப்புங்கள், ஏனென்றால் அங்கே சைன்களில் ஒன்று எதிர்த்திசையில் சாய்கிறது. +1, +1, −1, +1. கூட்டி, பாதியாக்கினால் 1. இதுதான் செர்ன் எண்: பட்டைகளின் டோப்பாலஜியைச் சொல்லும் முழு எண், இடைவெளி மூடாதவரை மாறாது. பூஜ்ஜியம் இல்லாததால் பொருளின் ஓரத்தில் ஒரே திசையில் மட்டும் ஓடும் நிலை ஒன்று இருந்தே தீரும்.

படி 4: ஆ = 0 வைத்து, சாதாரண காந்தம் போல, மறுபடி போடுங்கள். பூஜ்ஜியம் வரும். இந்த மாதிரியில் புலம் மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. ஆவை மீண்டும் 1 ஆக்கி, பு = −0.5 என்றால் −1. ஓர ஓட்டம் திரும்பிவிடும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம்.

ஒரு எச்சரிக்கை. நிஜ உலோகத்தில் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஹால் மின்கடத்தல் (குறுக்குத் திசையில் ஓடும் மின்சாரத்தின் அளவு) முழு எண்ணாக வராது. பொருள் தேர்வும் லேசில்லை: முதலில் பலரும் நம்பிய ருத்தேனியம் டையாக்சைடில் காந்த ஒழுங்கே இல்லை என்கின்றன பின்வந்த மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனத்த துகள்) அளவீடுகள். மாங்கனீஸ் டெலூரைடு பரவாயில்லை, 2024இல் அதன் பட்டைகள் ஸ்பின்படி பிரிவதை ஒளியுமிழ்வு அளவீட்டில் (ஒளி பாய்ச்சி வெளிவரும் எலக்ட்ரான்களை அளப்பது) பார்த்துவிட்டார்கள். ஆனால் அதன் வடிவம் நம் கட்டத்தைவிடச் சிக்கலானது.

சரி, இப்போது ஆ = 1 என்றே வைத்துப் புவை மெல்ல ஏற்றுங்கள். சரியாக 2இல் ஒரு முனை பூஜ்ஜியமாகி பட்டைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மூடும். தாண்டினால் செர்ன் எண் போய்விடும்.