மண்வெட்டி இல்லாமல் தோண்டுவது எப்படி: தியான இல்லத்துக்கு நிலம் வாங்கியவர்களுக்கு

கிராமத்தில் தோட்டம் வாங்கித் தியான இல்லம் கட்டுகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த மண்ணுக்கு ஒரு பழைய கதை எடுத்துக் கொடுங்கள்." நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். கதை எடுக்கத் தெரியாது. எந்த மூலையில் எந்தச் சாமியை யார் கும்பிட்டார்கள், அந்த மூலை அவர்கள் கையை விட்டு எப்படிப் போனது என்று தேட மட்டும் தெரியும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாகத் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் மலையடிவார மாந்தோப்பு ஒன்றை வைத்துக்கொள்கிறேன். வாங்கியவர் நல்ல மனிதர். ஆனால் நுழைவாயிலில் "2000 ஆண்டுப் பழமையான சித்தர் தவபூமி" என்று பலகை வைக்க ஏற்கெனவே அளவெடுத்து வைத்திருந்தார். தோப்புக்குள் இருந்தவை: வடகிழக்கில் ஒரு கிணறு, அதன் கரையில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள், வேம்படியில் விளக்கு மாடக்குழி வைத்த செங்கல் மேடை, ஓடு வேய்ந்த நீளக் கூடம், அதன் பின்னால் பாசி பிடித்த ஒரு மாதா கெபி (குகை வடிவில் கட்டிய மாதா பீடம்). 2000 ஆண்டுகளுக்கான சான்று என்று எதுவும் இல்லை. அதைவிடச் சுவையானது இருந்தது.

முதலில் நடக்க வேண்டும். கையில் புலப்படத்தின் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) நகலும் பென்சிலும் போதும். எல்லைக் கல்லிலிருந்து தொடங்கி விளிம்போடு சுற்றுங்கள். நடுவுக்குக் கடைசியாகப் போங்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சாமிகள் எல்லையிலும் நீர்க்கரையிலும் மரத்தடியிலும்தான் மிகுதி. வெட்டாமல் விட்ட பழைய மரம், உழவு வளைந்து போகும் இடம், பட்டா நிலத்துக்குள் காரணமில்லாமல் நுழையும் ஒற்றையடிப் பாதை ஆகிய மூன்றையும் படத்தில் குறியுங்கள். பாதை முக்கியம். வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஆட்கள் நடக்கிற பாதையாக இருந்தாலும் அது யாரோ ஒருவருடைய வழிபாட்டு உரிமையைக் காட்டும். வாங்கியவுடன் கம்பிவேலி போட்டு, அடுத்த ஆடி மாதத்தில் ஊரோடு வம்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சுத்தம் செய்கிறேன் என்று எதையும் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது, கல்லுக்குப் பெயின்ட் அடிப்பது, சாய்ந்த கல்லை நிமிர்த்துவது எல்லாம் பிறகு. சாய்ந்திருப்பதும் ஒரு தகவல்.

அடுத்தது ஆட்கள். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இது பழைய கோயிலா?" என்று கேட்டால் "ஆயிரம் வருசக் கோயில்" என்பார்கள், உங்களை மகிழ்விக்கத்தான். அதற்குப் பதிலாக, பொங்கல் வைப்பது யார், முதல் மரியாதை யாருக்கு, கிடா யார் வீட்டிலிருந்து வருகிறது, பூசாரி எந்த ஊர், கடைசியாக எந்த வருடம் பூசை நின்றது, ஏன் நின்றது என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்வது கடினம், பக்கத்தில் நிற்பவர் உடனே மறுத்துவிடுவார். அந்த மறுப்பையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரோடு நிறுத்திவிடாதீர்கள். ஆதிதிராவிடர் குடியிருப்பில் தனியாகக் கேளுங்கள், ஊர்க்காரர் யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல். அதே கல்லுக்கு அங்கே வேறு பெயரும் வேறு கதையும் இருக்கும். யார் எந்த இடத்தோடு நிற்க வேண்டியிருந்தது என்பதும் அங்கேதான் தெரியவரும். கிடை போடும் ஆட்டுக்காரர்களையும் வயதான பெண்களையும் விடாதீர்கள். மாந்தோப்பு விஷயத்தில், செங்கல் மேடை சித்தர் சமாதி அல்ல, "பந்தல் பரதேசி" என்ற துறவியை அடக்கம் செய்த இடம் என்று சொன்னவர் களை பறிக்க வந்த ஒரு பாட்டி. எந்தப் பந்தல் என்று கேட்டேன். தண்ணீர்ப் பந்தல், அழகர்கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்காக என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அது போதும், இனி காகிதத்தில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

காகித வேலை மேலிருந்து கீழாகப் போக வேண்டும். இன்றைய பட்டாவில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் செல்லுங்கள். பாண்டியர் காலத்திலிருந்து தொடங்கி இன்றைக்கு வருகிறவர்கள் கற்பனையில்தான் போய் நிற்கிறார்கள். பட்டா, 'அ' பதிவேடு (கிராமத்து நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டுவது), புலப்படம் மூன்றையும் தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். இப்போதைய பதிவேடுகள் 1979இல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் திருத்தி எழுதப்பட்டவை. அப்போது பல சிறு குறிப்புகள் காணாமல் போயின. ஆகவே அதற்கு முந்தைய பழைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேட்டின் நகலைக் கட்டாயம் கேளுங்கள். அதன் குறிப்புக் கலத்தில் "சமாதி", "கோயில்", "சத்திரம்", "ஊரணி" என்று ஒற்றைச் சொல் இருந்தால் அது தங்கம். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டையும் கையோடு வாங்கிவிடுங்கள். புல எண் மாறியது தெரியாமல் பக்கத்து நிலத்தின் வரலாற்றைத் தன் நிலத்தின் வரலாறாக எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாவட்டப் பிரிவினையை மறக்காதீர்கள். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். அதற்கு முந்தைய தாள்கள் மதுரை மாவட்டத்தின் பெயரில் கிடக்கும். திருச்சபையிலும் இதே கதை: திண்டுக்கல் மறைமாவட்டம் 2003இல் உருவானது, அதற்கு முன் அது திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தின் பகுதி. வருடத்தைப் பார்க்காமல் அலுவலக வாசலுக்குப் போனால் இரண்டு பக்கமும் "இங்கே இல்லை" என்ற பதில்தான்.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது இனாம் பதிவேடு. வரியில்லாத மானிய நிலங்களை விசாரிக்க ஆங்கில அரசு 1858இல் இனாம் கமிஷனை அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிராமம் கிராமமாக எழுதிய பதிவேடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மானியம் எதற்காகக் கொடுக்கப்பட்டது, கொடுத்தவர் யார், அனுபவிப்பவர் யார், பரப்பு எவ்வளவு, முந்தைய கணக்குகளில் என்ன பெயர் இருந்தது என்று கலம் கலமாக எழுதியிருப்பார்கள். அம்மன் கோயில் பூசை, தர்கா விளக்கு, மடத்துச் சாப்பாடு, தோப்பு வளர்ப்பு, ஏரி மராமத்து, நாதசுர ஊழியம் என்று ஒரு கிராமத்தின் பக்தி முழுவதும் ஏக்கர் கணக்கில் கிடக்கும். ஆண்டு பசலியில் (வருவாய்த் துறையின் கணக்காண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி ஜூலை முதல் தேதியில் தொடங்குவதால் ஒரு பசலி இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவும்.

பாட்டி சொன்ன பந்தல் இனாம் பதிவேட்டில் இருந்தது. தோப்பு வைத்து, கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கான தர்ம மானியம். அனுபவிப்பவர் ஒரு பரதேசி, அவருக்குப் பின் சீடர். திண்டுக்கல் 1792இல்தான் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. ஆகவே இந்தப் பக்கத்து மானியங்களைக் கொடுத்தவர் நாயக்கராகவோ பாளையக்காரராகவோ மைசூர் அதிகாரியாகவோ இருக்கலாம். அந்தக் கலம் காலியாக இருந்தால் காலியாகவே எழுதுங்கள். "திருமலை நாயக்கர் கொடுத்தார்" என்று நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும்.

இந்தக் கட்டத்தில் உங்கள் முகம் மாறக்கூடும். தர்மத்துக்கு விட்ட நிலம் தனியார் கைக்கு எப்படி வந்தது? 1963ஆம் ஆண்டு மைனர் இனாம் ஒழிப்புச் சட்டத்தின்படி இத்தகைய நிலங்கள் ரயத்துவாரியாக (அரசுக்கு நேராக வரி கட்டும் பட்டா நிலமாக) மாறியபோது யார் பெயரில் பட்டா வழங்கப்பட்டது என்ற உத்தரவைத் தேடி எடுங்கள். கோயிலின் அசையாச் சொத்தை விற்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதி வேண்டும். வக்ஃபு நிலத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இதற்கு மேல் என் வேலை இல்லை, வழக்கறிஞரைப் பாருங்கள். வரலாறு தேடப் போய் வில்லங்கம் கிடைத்தது என்று என்னைத் திட்டுவார்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்பே கிடைத்ததே என்று நான் சொல்வேன்.

கட்டடங்களுக்கு வயது சொல்ல அவற்றையே கேட்கலாம். கெபி இருந்ததல்லவா? அது லூர்து மாதா கெபி. பிரான்சில் லூர்து காட்சி நிகழ்ந்தது 1858இல், எனவே எந்த லூர்து கெபியும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. கூடத்தின் ஓட்டைப் புரட்டிப் பாருங்கள், அடியில் முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். மங்களூர் ஓடு போட்ட கூரை அதற்குப் பிந்தையது. ஆனால் ஓட்டில் காணும் ஆண்டு நிறுவனம் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம், ஓடே வேறு கட்டடத்திலிருந்து கழற்றி வந்ததாகவும் இருக்கலாம். சுண்ணாம்புக் காரையா, சிமெண்டா என்று பூச்சின் உடைந்த விளிம்பில் பாருங்கள். பங்குத்தந்தையிடம் மரியாதையாகக் கேட்டால் திருமுழுக்குப் பதிவேட்டில் இந்தத் தோப்பின் பெயரில் குடும்பங்கள் இருந்தனவா என்று பார்த்துச் சொல்வார். மாந்தோப்பில் இருந்தன. கூடம் ஒரு காலத்தில் கத்தோலிக்கத் தியான இல்லமாகவே இருந்திருக்கிறது. புதிய உரிமையாளர் தான் முதலில் நினைத்ததாக எண்ணிய யோசனை, அந்த மண்ணுக்குப் புதியதல்ல.

ஏழு கற்கள்தான் சிக்கல். அவை கன்னிமார், அதாவது ஏழு கன்னித் தெய்வங்களின் கற்கள். இத்தகைய கற்களுக்கு எழுத்து இருக்காது, வயது சொல்ல வழியில்லை. "காலம் தெரியவில்லை, வழிபாடு இன்றும் நடக்கிறது" என்று எழுதுவதே சரி. எழுத்துள்ள கல் கிடைத்தால் நிலைமை வேறு. மாவு தடவாதீர்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள். பகலில் தெரியாத எழுத்து எழும்பி நிற்கும். படத்தை மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். மைப்படி (எழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது) எடுப்பது அவர்கள் வேலை. அதற்கு முன், அந்த ஊர்க் கல்வெட்டு ஏற்கெனவே படிக்கப்பட்டிருக்கிறதா என்று இந்தியத் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளிலும் 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் தேடுங்கள். தேவதானம் என்றால் கோயில் நிலம், பிரம்மதேயம் என்றால் பிராமணருக்குக் கொடுத்தது, பள்ளிச்சந்தம் என்றால் சமண அல்லது பௌத்தப் பள்ளிக்கு உரியது. "மதுரை கொண்ட கோப்பரகேசரி" என்று தொடங்கினால் அது 10ஆம் நூற்றாண்டின் முதலாம் பராந்தகன். ஆனால் கல் நடக்கும். வேறு ஊர்க் கோயிலில் இருந்த கல் உங்கள் கிணற்றுப் படியாக வந்திருக்கலாம். கல்லில் உள்ள ஊர்ப் பெயர் உங்கள் ஊருடையதுதானா என்று பார்த்த பிறகு கொண்டாடுங்கள்.

பழைய உருவங்களுக்கு ஊர் வைத்த பெயரைத் திருத்த அவசரப்படாதீர்கள். மதுரைக்குப் பக்கத்துச் சமணர் மலையில் செட்டிப்புடவு என்ற குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் என்றுதான் சொல்லிவந்தார்கள். மலையடியில் அய்யனார் கோயில். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட உருவம் புத்தர் என நிபுணர் குழு அறிக்கை கொடுத்து, 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. என் கருத்தைக் கேட்டால், இரண்டு பெயரையும் எழுத வேண்டும். புத்தர் என்பது உண்மை. பல தலைமுறைகள் முனியப்பன் என்று கும்பிட்டதும் நடந்ததுதான்.

தோண்டும்போது ஏதாவது அகப்பட்டால் வேலையை நிறுத்துங்கள். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்; அந்தப் பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாய்தான். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இருந்தால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்த பிறகு எழுதுவது கடினமல்ல. ஒரு தாளில் மூன்று கலம் போடுங்கள்: என்ன நடந்தது, எப்படித் தெரியும், யார் இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள். இரண்டாம் கலத்தில் "ஆவணம்", "கட்டடம்", "வாய்மொழி" என்று பிரித்து எழுதுங்கள். வாய்மொழி என்றால் எந்தத் தெரு என்பதும் வேண்டும். சித்தர் தவபூமி என்ற பலகை வரவில்லை. கன்னிமார் வழிபாடு, தண்ணீர்ப் பந்தல் தர்மம், பரதேசி சமாதி, கத்தோலிக்கத் தியான இல்லம் என்று நான்கு வரி வந்தது. கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கும் குடும்பம் வருவதற்கு வேலியில் ஒரு வாசலும் விடப்பட்டது. அதற்குப் பூட்டுப் போடுவதில்லை என்று எழுத்தில் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார்.

பலகையின் மாதிரியை அச்சுக்குக் கொடுக்கும் முன் பூசாரியிடமும் பங்குத்தந்தையிடமும் சமாதிக்கு விளக்கு வைப்பவரிடமும் தனித்தனியாகக் காட்டிவிடுங்கள். ஆண்டுகளைப் பற்றி யாரும் சண்டை போட மாட்டார்கள். யார் பெயர் முதல் வரியில் வருகிறது என்பதில்தான் வரும், அதனால் கால வரிசையிலேயே போடுங்கள், எழுத்தும் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும்.