சொட்டும் குழாய், அடைத்த சிங்க், நிற்காத ஃப்ளஷ் டேங்க்: பிளம்பர் வருவதற்குள் நாமே பார்க்கலாம்

விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. கணக்குப் போட்டால் 4 லிட்டருக்கு மேல் வருகிறது. நான்கு நாளில் ஒரு வாளி காலி. எனக்குத் தண்ணீர்க் கணக்கைவிட நடுராத்திரியில் கேட்கும் அந்த 'டொக் டொக்' சத்தம்தான் தாங்கவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன் சார்" என்பார். ஒரு வாஷருக்காக வண்டியை எடுத்துக்கொண்டு வருவது அவருக்கும் கட்டுப்படியாகாதே. அப்படித்தான் நானே ஸ்பானரைத் தூக்கினேன்.

வேண்டியவை: 10 இஞ்ச் அட்ஜஸ்டபிள் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், டெஃப்லான் டேப் (இணைப்பில் கசியாமலிருக்கச் சுற்றும் மெல்லிய டேப்) இரண்டு சுருள், அரை இஞ்ச் குழாய் வாஷர் நான்கைந்து, பழைய துணி, ஒரு வாளி. வாஷர் அளவில் சந்தேகம் இருந்தால் பழையதைக் கழற்றிக்கொண்டு போய் ஹார்டுவேர் கடையில் காட்டிவிடுங்கள்.

1. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

சிங்க், வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க் இவற்றுக்குக் கீழே அல்லது பக்கத்தில் சின்னதாக ஆங்கிள் வால்வ் இருக்கும். அதை வலப்பக்கம் திருகினால் போதும். குளியலறைச் சுவர்க் குழாய்க்கு அப்படி எதுவும் இருக்காது. மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள கேட் வால்வை மூட வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டு கேட் வால்வை வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் தொட்டதே இல்லை. உப்புப் பிடித்து இறுகிக் கிடந்தது. கொஞ்சம் பலமாகத் திருகியதும் கைப்பிடி மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் டேங்க் மூடியைத் திறந்து, தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்துத்தான் வேலையை முடித்தேன். உங்களுக்கும் அந்த நிலை வந்தால், துணியின் ஒரு நுனி மேலே கைக்கு எட்டும்படி இருக்கட்டும். பைப்புக்குள் போய்விட்டால் அப்புறம் அது பெரிய கதை. மாதம் ஒருமுறை வால்வை மூடித் திறந்து வைத்தால் இந்தப் பாடே இல்லை.

வால்வை மூடியதும் வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்துவிட்டு, பைப்பில் நிற்கும் தண்ணீர் வடியும்வரை பொறுத்திருங்கள்.

2. சொட்டும் குழாய்

பல சுற்றுச் சுற்றித் திறக்கும் பழைய வகைக் குழாய் என்றால், கோளாறு பெரும்பாலும் உள்ளே தேய்ந்துபோன ரப்பர் வாஷர்தான்.

குழாயைப் பாதி திறந்த நிலையில் வையுங்கள். மூடிய நிலையில் கழற்றினால் வாஷர் உள்ளே அழுந்திக்கொண்டு மரையை (திருகு வரியை) பாழாக்கும். கைப்பிடிக்குக் கீழே ஆறுமூலையாக இருக்கும் தலைப்பகுதியில் துணியைச் சுற்றி, அதன்மேல் ஸ்பானரைப் பிடித்து இடப்பக்கம் திருகுங்கள். இன்னொரு கையால் குழாயின் உடம்பை ஆடாமல் பிடித்துக்கொள்வது ரொம்ப முக்கியம். பிடிக்காமல் விட்டால் முழுக் குழாயும் சுற்றி, சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைந்த பைப் இணைப்பு) உடையலாம். அப்புறம் டைல்ஸை உடைக்காமல் வேலை நடக்காது.

தலைப்பகுதி கழன்று வந்ததும் அதன் அடியில் வாஷர் தெரியும். நடுவில் வட்டமாகக் குழி விழுந்திருந்தால் அதுதான் குற்றவாளி. புதியதைப் போடுவதற்கு முன் விரலை உள்ளே விட்டு, வாஷர் உட்காரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. நகத்தில் இடறும்படி அரித்திருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டும், குழாயையே மாற்றிவிடலாம்.

கால் சுற்றிலேயே திறந்து மூடும் குழாய்களில் இந்த வாஷர் கிடையாது. பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை முழுதாகத்தான் மாற்ற வேண்டும், அதுவும் அதே கம்பெனி, அதே அளவு.

3. புதுக் குழாய் மாட்டும்போது

டெஃப்லான் டேப் சுற்றும் திசையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குழாயின் மரை முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையிலேயே இழுத்துச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்கு 10 முதல் 15 சுற்று வேண்டும்.

குழாயைக் கையால் திருகி, கடைசி ஒன்றிரண்டு சுற்றை மட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள். மூக்கு நேராகக் கீழே பார்க்காமல் கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள். அந்தக் கால் சுற்றிலேயே கசிவு தொடங்கிவிடும். முழுவதும் கழற்றி, புது டேப் சுற்றி மறுபடி மாட்டுவதுதான் வழி. எரிச்சலாகத்தான் இருக்கும். நான் ஒரே குழாயை மூன்று முறை கழற்றியிருக்கிறேன்.

4. சிங்க் அடைப்பு

ஆசிட் ஊற்றாதீர்கள். கண்ணில், கையில் தெறிக்கும். அடைப்பும் போகாமல் இருந்தால் அடுத்து பைப்பைக் கழற்றும்போது அந்த ஆசிட்டில்தான் கை வைக்க வேண்டும்.

சிங்குக்கு அடியில் குப்பி மாதிரித் தொங்குவது பாட்டில் டிராப். அதற்கு நேர் கீழே வாளியை வைத்து, அடிமூடியைக் கையால் இடப்பக்கம் திருகுங்கள். சோறு, எண்ணெய்ப் பிசுக்கு, காபித்தூள் எல்லாம் ஒரு கட்டியாக விழும். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். கழுவி, ரப்பர் வளையம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான்.

டிராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால் அடைப்பு சுவருக்குள் இருக்கிறது. அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். சுவரில் ஈரம் பரவினாலும், கீசர் ஒழுகினாலும் அப்படித்தான். கீசர் என்றால் முதலில் சுவிட்சை அணையுங்கள்.

5. ஷவர், குழாய் வேகம் குறைவு

போர் தண்ணீரின் உப்பு சல்லடையை அடைத்திருக்கும். கழற்றி வினிகரில் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் முடிந்தது.

6. நிற்காமல் ஓடும் ஃப்ளஷ் டேங்க்

மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் உள்ள குழலுக்குள் தண்ணீர் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தால் மிதவை அதிக உயரத்தில் நிற்கிறது. அதன் திருகைச் சற்றுத் தாழ்த்தி, தண்ணீர் மட்டம் குழலின் வாய்க்கு ஒரு இஞ்ச் கீழே நிற்கும்படி செய்யுங்கள்.

மட்டம் சரியாக இருந்தும் சந்தேகம் என்றால் டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நாலு துளி விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அடி வாஷர் கசிகிறது. ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, வாஷரை எடுத்து உப்புப் படிவைத் துடைத்துப் போட்டாலே பல சமயம் நின்றுவிடும். நிற்காவிட்டால் புது வாஷர். அந்த அரை மணி நேரமும் கழிவறைக் கதவைப் பூட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் பாதிச் சோதனையில் யாரோ போய் ஃப்ளஷ் செய்துவிட்டு, "என்ன இது, தண்ணி நீலமா வருது?" என்று அலறியதில் இரண்டு முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.